உபதேசியார் கண்டெடுத்த காசு

கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட் துணியின் மேல் அந்தக் காசைப் பார்த்ததும் ஏசம்மாளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, சந்தேகம்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கிணற்றில் எறிந்துவிட்டேன் என்று புருஷன் சொன்ன காசு, ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் மெத்தை போட்டுப் படுத்திருக்குமா? குனிந்து பார்த்தாள். கூர்மூக்கு ராசா. நெற்றியைச் சுற்றி மணி கோத்த பட்டம். தலைக்கு நேர் மேலே, கயிறு நுழைக்க ஆணி வைத்து அடித்த ஓட்டை, கொஞ்சம் கோணலாக. அந்தக் கோணல் ஓட்டை இன்னொரு காசில் இருக்க வழியில்லை. சந்தேகம் எழுந்து போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. அவளுக்குக் காது மடல் இரண்டும் சுட்டன.

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் நகரச் சொல்லி முழங்கையால் இடித்தார்கள். அவள் நகரவில்லை. பெட்டிக்குள் ஓர் அட்டையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் வில்சனின் முத்து முத்தான கையெழுத்து. ரோமாபுரியின் கிறிஸ்தவச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைனின் உருவம் பொறித்த வெண்கலக் காசு என்றும், தேவதானத்தில் அதைக் கண்டெடுத்தவர் உபதேசியார் ஜேசுதாசன் என்றும் எழுதியிருந்தது.

கண்டெடுத்தவராம். ஏசம்மாளுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. சிரிக்க ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று அவளுக்கே தெரியாததால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். உபதேசியார் ஜேசுதாசன் அவளுடைய புருஷன். அவர் அந்தக் காசை எங்கிருந்து எடுத்தார் என்பது அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். செத்துக் கிடந்த தங்கள் பிள்ளையின் கழுத்திலிருந்து எடுத்தார்.

அந்தக் காட்சிசாலை பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. பூகோளப் படங்கள் அடைந்து கிடந்த அறையை ஒழித்து, வெள்ளையடித்து, ஓர் அலமாரியும் ஒரு கண்ணாடிப் பெட்டியும் வைத்து, அறுப்பின் பண்டிகை அன்று சபையாருக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். அலமாரியில் இருந்ததெல்லாம் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானவர்கள் மிஷன் துரையின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனவை. தாயத்துகள், மந்திரத் தகடுகள், ஒரு சாமியாடியின் பிரம்பு, காலொடிந்த மண் குதிரை. அஞ்ஞானத்தின் அடையாளங்கள் என்று மேலே ஒரு பலகை. அந்தக் காசும் இத்தனை காலம் துரை பங்களாவில் ஒரு தகரப் பெட்டிக்குள் இந்தத் தாயத்துக் கும்பலோடுதான் கிடந்திருக்கிறது. போன மாதம் சென்னையிலிருந்து காசு ஆராய்கிற பெரியவர் ஒருவர் வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இது ரோமாபுரிக் காசு, இவன் கிறிஸ்தவ ராசா என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அலமாரியிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்கு எட்டிப் பிடிக்கிற தூரம். அதைத் தாண்டியதும் காசுக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது. அதை வாங்கி வைத்த பழைய துரை சீமைக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டதால், கேட்க ஆளில்லாமல் ஜேசுதாசனுக்குக் கண்டெடுத்தவர் என்ற பட்டமும் கிடைத்துவிட்டது.

மெய்யாகவே கண்டெடுத்தது ஏசம்மாளின் அக்காள் புருஷன் கண்ணுச்சாமி. தேவதானத்தில் கோடை மழைக்குப் பிறகு உழுதபோது கொழுமுனையில் தட்டுப்பட்டு மேலே வந்தது. அக்காள் வெள்ளத்தாய்க்கு அதுவரை பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. அடுத்துப் பிறந்த சுந்தரபாண்டியன் கழுத்தில் அந்தக் காசைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கட்டினார்கள். பிள்ளை நின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கூர்மூக்கன் அந்த வீட்டுக்குக் காவல் ராசா. எந்த ஊர் ராசா என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றினவனிடம் ஊரா கேட்பார்கள்.

அக்காளும் தங்கையும் வேறு வேறு சாமி கும்பிட்டதில் சண்டை எதுவும் கிடையாது. மூத்தவளைக் கட்டிக்கொடுத்த பிறகு அப்பா வேதத்தில் சேர்ந்தார், கூடவே இளையவளும் சேர்ந்தாள். நாச்சியார் என்ற பெயர் போய் ஏசம்மாள் ஆனாள், பிறகு உபதேசியாருக்கு வாழ்க்கைப்பட்டாள். அக்காள் மட்டும் அவளை நாச்சியா என்று கூப்பிடுவதை விடவில்லை.

ஏசம்மாளின் மகள் தங்கபாய்க்கு இரண்டு வயதில் தொண்டையடைப்பான் வந்தது. செய்தி கேட்டதும் வெள்ளத்தாய் வண்டி பூட்டி வந்தாள். வரும்போதே மகன் கழுத்திலிருந்து காசைக் கழற்றி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். தன் ஒற்றைப் பிள்ளையின் காவலைக் கழற்றித் தங்கை பிள்ளைக்குக் கட்ட எத்தனை பேருக்கு மனசு வரும். ஏசம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மிஷன் ஆஸ்பத்திரி மருந்தைக் கொடுத்தாள், முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினாள், காசும் கிடக்கட்டும் என்று விட்டாள். பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது இது ஆகும் இது ஆகாது என்று பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

வெள்ளத்தாய் ஊருக்குத் திரும்பிய மறுநாள் மத்தியானம் தங்கபாய் போய்விட்டாள். ஏசம்மாள் மடியில், காசு கழுத்தில் கிடக்கத்தான் போனாள். வெளியே யாரோ, "துரையவிய வாராவ" என்றார்கள். பிள்ளைக்கு ஜெபம் பண்ண மிஷன் துரை வந்துகொண்டிருந்தார். ஜேசுதாசன் சட்டைப் பையிலிருந்து பென்சில் சீவுகிற பேனாக்கத்தியை எடுத்தார். பிள்ளையின் கண்கள் பாதி திறந்திருந்தன. அவற்றை மூடுவதற்கு முன்னால் கயிற்றை அறுத்தார். காசைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கண்ணை மூடினார்.

ஏசம்மாளால் மன்னிக்க முடியாதது அதைத்தான். கயிறு முதலில், கண் பிறகு. அவர் அழுததெல்லாம் அதற்கும் பிறகு.

அதோடு விட்டாரா என்றால், இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கயிற்றைப் பார்த்திருக்கிறாள், மிஷன் காம்பவுண்டில் பேச்சு கிளம்பிவிட்டது என்று தெரிந்ததும் அவரே துரையிடம் போய்க் காசை மேசையில் வைத்தார். என் மனைவி பலவீனப்பட்டுவிட்டாள் என்றார். உபதேசியாரின் நேர்மையைத் துரை மெச்சினார். ஏசம்மாளின் பெயரைச் சபையில் வாசித்தார்கள். பிள்ளையைப் புதைத்த மண் காயுமுன்னே, அவளுக்கு ஆறு மாதம் நற்கருணை கிடையாது, கோயிலில் வாசற்படி ஓரம்தான் இடம் என்று ஆயிற்று. கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஞானப்பாட்டுப் பாடினாள். காசைக் கிணற்றில் எறிந்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னவர், வெள்ளத்தாய் அதைத் திரும்பக் கேட்டு ஆள் அனுப்பியபோது, உங்கள் தங்கச்சிதான் கிணற்றில் போட்டுவிட்டாள் என்று சொல்லியனுப்பினார். அத்தோடு அக்காள் உறவு அறுந்தது. ஏசம்மாள் ஒரு தரம் தேவதானம் போய்ப் பார்த்தாள். வெள்ளத்தாய் முகம் கொடுக்கவில்லை. போட்டது நான் இல்லை என்று சொன்னால் புருஷனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அந்த வயதில் அவளுக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

பண்டிகை முடிந்து சாயங்காலம் ஜேசுதாசன் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை. ஏசம்மாள் சுவரில் சாய்ந்து குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவர் கழுத்தில் சபையார் போட்ட கதம்ப மாலை இன்னும் கிடந்தது.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். கெணத்துல போட்ட காசு கண்ணாடிப் பெட்டியில எப்படி மொளச்சுதுன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்."

அவர் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்கு எடுத்துக்கொள்ள வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "துரையவிய கையில குடுத்தேன். ஒங்கிட்ட சொன்னா திரும்பக் கேப்பியோன்னுதான் சொல்லல."

"கண்டெடுத்தவர்னு போட்டிருக்கு."

"அது வில்சன் போட்டது. நான் போடச் சொல்லல."

"அழிக்கவும் சொல்லலியே."

"ஏசம்மா, கோவப்படாமக் கேளு. குருப்பட்டத்துக்கு என் பேரச் சொல்லியிருக்காவ. இந்தக் காசுனால பெரிய எடத்துல எல்லாம் என்னையத் தெரிஞ்சிருக்கு. தை மாசத்துக்குள்ள முடிஞ்சிரும். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காம இரு."

"செருப்புக்குப் பக்கத்துல என்னைய உக்கார வச்சிய. சாத்தானக் கழுத்துல கட்டினவளுன்னு எம்பேர வாசிச்சாவ. இப்ப அந்தச் சாத்தானுக்கு வெல்வெட்டு, ஒங்களுக்கு மாலை. எனக்கு என்ன?"

"அப்ப அது என்ன காசுன்னு யாருக்கும் தெரியாதுல்லா."

"தெரியாமத்தான் அறுத்தியளா?"

அவர் சட்டையைக் கழற்றினார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். பதில் இல்லாத நேரத்தில் குளிக்கப் போவது அவருடைய பழைய வழக்கம். அன்றைக்கு இன்னும் வேகமாகப் போனார்.

இந்தக் கொதிப்பு இரண்டு நாள் கழித்தாவது அடங்கியிருக்கலாம். அடங்கவிடாமல் வந்து சேர்ந்தான் சுந்தரபாண்டியன். அக்காள் மகனை அவள் சிறு பிள்ளையாகப் பார்த்ததோடு சரி. இப்போது நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம், ஒட்ட வெட்டிய கிராப்பு. கொடுத்த மோரை நின்றபடியே குடித்தான்.

"பட்டாளத்துல சேந்துட்டேன் சித்தி. ராசபாளையத்துல ஆள் எடுக்க வந்திருந்தாவ. வெள்ளிக்கெழம ரயிலு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். நான் இங்க வந்தது அம்மாவுக்குத் தெரியாது."

"அக்கா எப்படி இருக்கா?"

"சோறு திங்க மாட்டேங்கா. அந்தக் காசு இருந்தாக் கட்டி அனுப்புவேன், வெறுங்கழுத்தோட எம்புள்ளய எப்படி அனுப்புவேன்னு ஒரே அழுக. ஒங்களையும் ஏசுதா. நீங்க மனசுல வச்சுக்காதிய." அவன் சொம்பைக் கீழே வைத்தான். "பர்மா பக்கம் போன எங்கூர்ப் பயலுவ ரெண்டு பேரப் பத்தித் தகவலே இல்ல சித்தி. எனக்குக் காசுலல்லாம் பெருசா நம்பிக்க கெடையாது. ஆனா அது கெடந்தா அவ சாப்புடுவா."

அவனுக்கு நம்பிக்கை இல்லை என்பது வாய்ப்பேச்சுதான். பேசிக்கொண்டே அவன் கை கழுத்தடியைத் தடவிக்கொண்டிருந்தது. ஏசம்மாள் எதுவும் சொல்லாமல் அவனை அனுப்பினாள். அந்தக் காசு வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கழுத்தில் கிடக்க வேண்டும். அவள் இந்த ஜென்மத்தில் வேறெதையும் இவ்வளவு தீர்மானமாக நினைத்தது கிடையாது.

ஜேசுதாசனைக் காசை எடுத்துவரச் சொல்வது கஷ்டமான காரியம் இல்லை. சென்னைப் பெரியவர் வந்து போனதிலிருந்தே அவர் கிராமங்களுக்குப் பிரசங்கத்துக்குப் போகும்போதெல்லாம் வில்சனிடம் கேட்டு அதைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோய்க் காட்டி, நமக்கெல்லாம் முந்தியே ஒரு கிறிஸ்தவ ராசா இந்தச் சீமைக்கு வந்துவிட்டார் என்று சொல்லி வந்தார். இது பண்டிகைக்குப் பிறகுதான் ஏசம்மாள் காதுக்கு எட்டியது. ஜனங்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ராசா வரவில்லை, காசுதான் வந்தது என்று ஒருத்தரும் எடுத்துச் சொல்லவில்லை.

"வியாழக்கெழம காசை வாங்கிக்கிட்டு எங்கூட தேவதானத்துக்கு வாங்க," என்றாள் ஏசம்மாள். "நான் கெணத்துல போடலன்னு எங்கக்காகிட்ட ஒங்க வாயால சொல்லணும். ஒங்க கையால காசக் காட்டணும்."

"ஒனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?"

"ஞாயித்துக்கெழம கோயில்ல சாட்சி சொல்றவங்க எந்திரிங்கன்னு கேப்பாவல்ல. நான் எந்திரிப்பேன். பேனாக்கத்தியில இருந்து ஆரம்பிப்பேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. "காட்டிட்டு உடனே கொண்டு வந்துரணும்," என்றார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற யுத்த காலத்து பஸ் ராஜபாளையம் போய்ச் சேருவதற்குள் மூன்று இடத்தில் நின்று பெருமூச்சு விட்டது. ராஜபாளையத்தில் வண்டி மாறி ஏறியதும் ஜேசுதாசனுக்குத் தெரிந்த பஞ்சு வியாபாரி, தெலுங்கு பேசுகிற ஒரு ராஜு, முன் சீட்டிலிருந்து திரும்பினார். "உபதேசியாரே, ராசா காசுன்னு பேசிக்கிறாங்களே, கையில இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் கைக்குட்டையை அவிழ்த்தார். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. ராஜு காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "அவுனா? இதுதானா?" என்றார். "எப்படி அகப்பட்டுச்சு?"

ஜேசுதாசன் தொண்டையைச் செருமினார். ஒரு மழை நாளில் தேவதானத்து வரப்பில் ஜெபம் பண்ணிக்கொண்டே நடந்து போனாராம். காலுக்குக் கீழே ஏதோ மின்னியதாம். குனிந்து மண்ணைத் தட்டிப் பார்த்தால் ஒரு ராசமுகம் அவரையே பார்த்ததாம். மழை, வரப்பு, மினுக்கம், எல்லாம் சரளமாக வந்தது. பல தடவை சொன்ன வாய். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு களை வந்ததையும், அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டதையும் ஏசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பிள்ளை செத்த நாளைக்கூட இந்த மனுஷன் துடைத்துப் போட்டுவிட்டு அந்த இடத்தில் மழை பெய்ய விட்டிருக்கிறார்.

"ஓட்டை ஏன் போட்டிருக்காங்க?" என்றார் ராஜு.

"அது தெரியல," என்றார் ஜேசுதாசன்.

"எனக்குத் தெரியும்," என்றாள் ஏசம்மாள்.

ராஜு அவளைப் பார்த்தார். ஜேசுதாசன் காசை வாங்கி அவசரமாக முடிந்து பைக்குள் போட்டார். ராஜு திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

தேவதானத்தில் வெள்ளத்தாய் வீட்டு முற்றத்தில் மகனுக்குக் கொடுத்துவிட முறுக்கு சுட்டுப் பனையோலைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் கை நின்றது. முடி பாதி நரைத்து, கன்னம் ஒட்டி, ஆள் பாதியாகியிருந்தாள். "எதுக்கு வந்த?" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. சுந்தரபாண்டியன் உள்ளேயிருந்து வந்தான். சித்தப்பாவும் கூட வந்திருப்பதைப் பார்த்து ஒன்றும் புரியாமல் நின்றான்.

ஏசம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லுங்க."

ஜேசுதாசன் கைக்குட்டையை அவிழ்த்தார். பஸ்ஸில் அவ்வளவு பேசின வாய் இங்கே திக்கியது. "ஒங்க தங்கச்சி இத கெணத்துல போடல. நான்தான் வாங்கித் துரையவியகிட்டக் குடுத்தேன். அவமேல குத்தம் இல்ல."

வெள்ளத்தாய் காசைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். ராசாவின் முகத்தைப் பெருவிரலால் தேய்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இம்புட்டு நாளு ஒன்னைய வஞ்சேனே நாச்சியா," என்றாள். ஏசம்மாளுக்கும் கண் நிறைந்தது. அவள் அதற்காக வரவில்லை, ஆனால் அது நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளத்தாய் உள்ளே ஓடிக் கறுப்புக் கயிறு கொண்டுவந்தாள். ஈரம் தொட்டு முறுக்கி ஓட்டையில் நுழைத்தாள். "ஏலே, குனி." சுந்தரபாண்டியன் சிரித்துக்கொண்டே முழங்கால் மடக்கிக் கழுத்தை நீட்டினான்.

"காட்டத்தானே கொண்டாந்தோம்," என்றார் ஜேசுதாசன் தாழ்ந்த குரலில். "பள்ளிக்கூடத்துச் சாமான் ஏசம்மா. நாளைக்கே வில்சன் கேப்பார். நான் என்ன பதில் சொல்ல?"

"மழையில மின்னுச்சுல்ல, மழையிலயே போயிருச்சுன்னு சொல்லுங்க."

வெள்ளத்தாய் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கயிற்றை மகன் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனவள், முடிச்சுப் போடாமல் நிறுத்திவிட்டாள்.

"நாச்சியா, ஒண்ணு கேக்கணும். மனசு நோகாத. ஒம்மகளுக்கு உசுரு போகையில இது எங்க கெடந்துச்சு?"

ஏசம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதிலிருந்து அறிந்த விஷயம்தான். வேதத்தில் சேர்ந்ததில் மறந்திருந்தாள். வெள்ளத்தாய் தன் பாட்டுக்குச் சொன்னாள். "கழுத்துல கெடக்கையில உசுரு போயிருந்தா, அது பிணத்தோட போன காப்பு. அத உசுருள்ள கழுத்துல கட்டக் கூடாது. கட்டுனா இவனையும் கூட்டிட்டுப் போயிரும். அதுக்கு முந்தியே கழண்டிருந்தாக் கொறையில்ல, காவல் காவல்தான். நீ சொல்லு, நான் ஒன் வாய்ச்சொல்ல நம்புதேன்."

ஏசம்மாள் உண்மையைத்தான் சொல்லியிருப்பாள். கழுத்தில்தான் கிடந்தது அக்கா, என் மடியில் வைத்தே போனாள் என்று சொல்ல வாய் திறந்தாள். அப்போது புருஷன் முகம் கண்ணில் பட்டது. அந்த முகம் தெளிந்திருந்தது. காசு திரும்பி வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பாதி நீட்டிய கையில் கைக்குட்டை விரிந்து தயாராக இருந்தது.

"மனசுக்குச் சங்கடமா இருந்தா வேண்டாம்," என்றார் அக்கறையாக. "குடுத்துருங்க, நான் பத்திரமாக் கொண்டு போயிருதேன்."

பிள்ளை செத்த விதம்கூட இவருக்கு லாபமாக வர வேண்டுமா.

"கழுத்துல கெடக்கலக்கா," என்றாள். "நீ வண்டி ஏறிப் போன அன்னைக்குச் சாயங்காலமே இவிய கத்தியால அறுத்துட்டாவ. நான் காலப் புடிச்சுக் கெஞ்சினேன். கேக்கல. அறுத்த மறுநாத்தான் புள்ள போச்சு."

வெள்ளத்தாய் மெதுவாகத் திரும்பி ஜேசுதாசனைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் பச்சை மரம் கருகும். "மெய்தானா உபதேசியாரே? புள்ள மூச்சுக்குத் தவிக்கையிலயா அறுத்திய?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உண்மை ஜேசுதாசன் பக்கம் நின்றது. இல்லை, இவள் பொய் சொல்கிறாள் என்று ஒரே வார்த்தை. காசு திரும்பி வரும், குருப்பட்டம் கிடைக்கும், பிள்ளையைக் கொன்றவன் என்ற பேரும் வராது. சொல்லு, சொல்லு என்று ஏசம்மாள் மனசுக்குள் காத்திருந்தாள். அவர் அந்த வார்த்தையைச் சொன்னால் போதும். பேனாக்கத்தி, பாதி மூடிய கண், செருப்பு, சபை, எல்லாவற்றையும் இந்த முற்றத்தில் கொட்டிக் கத்தித் தீர்த்துவிட அவள் தயாராக இருந்தாள்.

அவர் வாயைத் திறந்தார். சுந்தரபாண்டியன் குனிந்த கழுத்தோடு, கயிறு இரண்டு பக்கமும் தொங்க, தலையை மட்டும் தூக்கி அவரைப் பார்த்தான். சிரிப்பு போயிருந்தது. கண்ணில் அப்பட்டமான பயம் இருந்தது.

ஜேசுதாசன் கைக்குட்டையை மடித்தார். "ஆமா," என்றார். "மொத நாளே அறுத்துட்டேன். அப்ப புள்ளைக்கு உசுரு இருந்துச்சு."

வெள்ளத்தாய் முடிச்சை இறுக்கிப் போட்டாள். மேலுக்கு இன்னொரு முடிச்சும் போட்டாள். பிறகு அவரிடம், "எங்க வாசல்ல இனிமே ஒங்க காலு படக் கூடாது," என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தெருவில் இறங்கி பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தார்.

"நீ உள்ள வா நாச்சியா. சாப்புட்டுப் போ," என்றாள் வெள்ளத்தாய்.

ஏசம்மாள் உள்ளே போனாள். அக்காள் இலை போட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவினாள், கொலைகாரப் பாவி என்று ஜேசுதாசனை வாய் ஓயாமல் திட்டினாள். இத்தனை வருஷமாக யாராவது அவரை இப்படித் திட்ட வேண்டும் என்று ஏசம்மாள் ஏங்கியிருக்கிறாள். இப்போது ஒவ்வொரு வசவும் அவள் மேலேயே வந்து விழுந்தது. செய்ததற்கு அவரை ஒருத்தரும் திட்டவில்லை. செய்யாததற்குத் திட்டுகிறார்கள், அதையும் அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இனி அவள் யாரிடம் போய் அந்தப் பேனாக்கத்தியைப் பற்றிச் சொல்வாள். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"அவனுக்காக அழாத," என்றாள் வெள்ளத்தாய்.

"அழலக்கா," என்றாள் ஏசம்மாள். இலையை மடித்துவிட்டு எழுந்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அவர் அங்கே அவளுக்கும் சேர்த்து இடம் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.